‘திருமதி’க்குப் பின்னால் இருக்கும் பெயர்

கேள்வி இதுதான்: வலிகாமத்து ஊரொன்றின் சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் சேர்ந்து, வருகிற மார்ச் 8க்கு யாழ்ப்பாண வரலாற்றில் பேர் சொல்லக்கூடிய பெண்களைக் கௌரவிக்க நினைக்கின்றன. கையில் ஆறு மாதம் இருக்கிறது. சிலை வைப்பதா, படக்காட்சி வைப்பதா, நூல் போடுவதா? யாரைச் சேர்ப்பது, தகவலை எங்கே தேடுவது?

சிலையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஆறு மாதத்தில் ஒரு நல்ல சிலை வராது. வருவது சேலை கட்டிய, யாரையும் போலில்லாத ஒரு சீமெந்து உருவம். பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு பலகைகள், அதே எழுத்தை வைத்து 32 பக்கத்தில் ஒரு சிறு நூல் என்று வையுங்கள். இவ்வளவும் ஒழுங்காக முடிந்தாலே பெரிய காரியம். ஏனென்றால் உங்கள் ஆறு மாதத்தில் நாலு மாதத்தைத் தின்னப்போவது அச்சு வேலை இல்லை. அந்தப் பெண்களின் சொந்தப் பெயரையும் பிறந்த திகதியையும் கண்டுபிடிப்பதுதான்.

யாழ்ப்பாணத்தில் பெண்களை நினைவுகூரும் வழக்கம் புதிதல்ல. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காகத் தெருவோரம் சுமைதாங்கி நாட்டினார்கள். அவள் இறக்கிவைக்க முடியாமற்போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் தம் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். இதைவிட அழகான நினைவுச்சின்னத்தை நாம் இனிச் செய்யப்போவதில்லை. ஆனால் அந்தக் கற்கள் பலவற்றில் பெயரே இல்லை. இருக்கிற இடத்திலும் ‘இன்னாரின் பெண்சாதி’ என்ற அளவோடு நின்றுவிடும். பாடசாலை மலர்களிலும் கோயில் கல்வெட்டுகளிலும் இன்றுவரை இதே கதைதான். ‘திருமதி க. செல்லையா’ என்று இருந்தால், ‘க.’ செல்லையாவின் தகப்பனின் முதலெழுத்து. அந்த அம்மாவின் பெயர் அந்த வரியில் எங்கேயும் இல்லை.

அமெரிக்க மிஷன் பாடசாலைகளில் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளர் சொன்ன பெயரையே பிள்ளைக்கு வைப்பது 19ஆம் நூற்றாண்டில் அங்கே வழக்கம். ஆகவே உடுவிலில் படித்த ஒரு பெண் வீட்டில் ஒரு பெயரோடும், பாடசாலை இடாப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெயரோடும், கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயரோடும் மூன்று ஆளாக இருப்பாள். மூன்றையும் ஒரே ஆள் என்று நிறுவ ஞானஸ்நானப் பதிவேடு வேண்டும். அது தேவாலயத்தில் இருக்கும். குருவானவரிடம் எழுத்தில் கேட்டுப் போங்கள். போகும்போது ஆண்டைச் சுமாராகவாவது தெரிந்துகொண்டு போங்கள்.

பெயர் தேடச் சிறந்த இடம் எது என்றால், பலரும் நினைக்காத ஒன்று: சீதன உறுதி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பெண்ணுக்குக் கொடுத்த காணி பெண்ணின் பெயரிலேயே எழுதப்படும். அந்த வழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். அந்தக் காணியை விற்க அவளுக்குக் கணவனின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்பது வேறு கதை. ஆனால் நொத்தாரிசு எழுதிய உறுதியில் ‘இன்னாரின் மகள் இன்னாள்’ என்று அவள் பெயர் முழுதாக இருக்கும். குடும்பத்தாரிடம் “அம்மம்மாவின் சீதன உறுதி இருக்குதோ?” என்று கேளுங்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். படம் எடுப்பது பெயர் உள்ள பகுதியை மட்டும். காணி எல்லைகளையும் பரப்புகளையும் எடுக்கத் தொடங்கினால், நீங்கள் காணிக்கு வந்தவர்கள் என்று நினைத்துப் பெட்டி மூடிவிடும்.

இரண்டாவது இடம், இறந்தவருக்கு 31ஆம் நாள் வெளியிடும் நினைவு மலர். நாங்கள் ‘கல்வெட்டு’ என்கிறோமே, அது. வம்சாவளி, பிறந்த திகதி, படித்த பாடசாலை எல்லாம் அதில் கிடைக்கும். புகழ்ச்சியைக் கழித்துவிட்டுத் திகதிகளை மட்டும் எடுங்கள். இப்படியான மலர்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும் பழைய பத்திரிகைகளும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் நிறைய வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் அங்கே தேடிவிட்டுத்தான் வீடுகளுக்குப் போகவேண்டும். 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1889இல் தொடங்கிய இந்து சாதனம், 1930 முதல் 1958 வரை வந்த ஈழகேசரி, 1959இல் தொடங்கிய ஈழநாடு ஆகியவற்றில் மரண அறிவித்தல்களையும் பரிசளிப்பு விழாச் செய்திகளையும் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதனால் உங்களுக்கு வேண்டிய ஒரே பிரதி யாரோ ஒருவரின் பரணில்தான் இருக்கும் என்று எண்ணித் தேடுங்கள்.

திகதியில் எல்லாரும் தடுக்கி விழும் ஓரிடம் இருக்கிறது. கல்வெட்டில் ‘விபவ வருடம் தை மாதம் 10ஆம் நாள்’ என்று இருக்கிறது என்று வையுங்கள். விபவ என்றவுடன் 1928 என்று எழுதிவிடுவார்கள். விபவ 1928 சித்திரையில் தொடங்கி 1929 பங்குனியில் முடியும். ஆகவே அந்தத் தை 1929 ஜனவரியில் வரும். 10ஆம் நாள் ஜனவரி 22, 23 அளவில் விழும். அறுபது வருடச் சுற்று என்பதால் அதே விபவ 1868இலும் தொடங்கியிருக்கிறது. ஆளின் காலம் தெரியாமல் முடிவு கட்டாதீர்கள். இதற்கு மேல் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று: ஜனவரியையே ‘தை’ என்று எழுதுவோம். வருடப் பெயர் இல்லாமல் ‘10 தை 1929’ என்றிருந்தால் அது பெரும்பாலும் ஆங்கில மாதத்து 10ஆம் திகதி. இரண்டில் எது என்று அறிய, அதே தாளில் கிழமையோ நட்சத்திரமோ திதியோ இருக்கிறதா என்று பார்த்துப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றும் இல்லையானால் ஆண்டை மட்டும் போடுங்கள். பொய்த் திகதியைவிட வெறும் ஆண்டு மேல்.

இனி யாரைச் சேர்ப்பது. தொடங்குவதற்குச் சிலரைச் சொல்கிறேன். இது முடிந்த பட்டியல் இல்லை.

உடுவில் பெண்கள் பாடசாலையை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்சிலோ 1833இல் அங்கேயே இறந்தார். அதே பாடசாலையை 1840 முதல் 1879 வரை நடத்திய எலைசா அக்னியூவை ‘ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்’ என்றார்கள். இருவரும் அமெரிக்கர். சேர்க்கலாம், ஆனால் இவர்களோடு நின்றுவிட்டால் பெண்கல்வி கப்பலில் வந்திறங்கியது போலாகிவிடும். மருதனார்மடத்தில் 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பெண்கள் கல்லூரியை நின்று நடத்திய அவர் மனைவி லீலாவதி இராமநாதனும் பிறப்பால் வெளிநாட்டவர்தான். ஆகவே எழுத வந்த யாழ்ப்பாணத்துப் பெண்களை அடுத்து வையுங்கள். ‘நொறுங்குண்ட இருதயம்’ என்ற நாவலை 1914இல் வெளியிட்ட மங்களநாயகம் தம்பையா ஒருவர். வண்ணார்பண்ணையிலிருந்து 1923இல் ‘தமிழ்மகள்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கிய மங்களம்மாள் மாசிலாமணி இன்னொருவர். இந்த இருவரையும் பெயர் ஒற்றுமையால் ஒருவராக்கிவிடும் பிழை நடக்கக்கூடியது. கவனம்.

மல்லாகத்தில் 1925இல் பிறந்த பண்டிதை தங்கம்மா அப்பாக்குட்டி, தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலை நிருவகித்து, அதன் சார்பில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தி 2008இல் மறைந்தார். கோயில் நிருவாகத்தில் ஒரு பெண் தலைமை என்பது இன்றைக்கும் நம் ஊரில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பலகையில் ‘சொற்பொழிவாளர்’ என்பதற்கு முன்னால் அதை எழுதவேண்டும். கனடாவில் பிறந்து, மருத்துவராக யாழ்ப்பாணத்துக்கு வந்து, தமிழரை மணந்து, 1958இல் ரமொன் மக்சேசே விருது பெற்ற மேரி இரத்தினத்தின் பெரும்பாலான பணி கொழும்பில் நடந்தது. அவரை யாழ்ப்பாணக் கணக்கில் எடுப்பதா என்பதை உங்கள் குழு தீர்மானிக்கட்டும். என்னைக் கேட்டால் எடுக்கலாம், ஆனால் பன்னிரண்டில் முதலாவதாக அல்ல.

வாக்குரிமை பற்றி ஒரு பலகை வைப்பதாயின் பிழை வரக்கூடிய இடம்: இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1931இல். ஆனால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முன்னெடுத்த பகிஷ்கரிப்பால் குடாநாட்டின் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் அந்த வருடம் தேர்தலே நடக்கவில்லை. இங்கே அரசாங்க சபைத் தேர்தலுக்குப் பெண்கள் முதன்முதலாக வாக்குப் போட முடிந்தது 1934 இடைத்தேர்தல்களில்தான். ‘1931இல் வாக்களித்தனர்’ என்று பலகையில் போட்டால், சபையில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழும்பிச் சொல்லிவிடுவார்.

போர்க்காலத்துப் பெண்களை விட்டுவிட்டு இந்த வேலை செய்ய முடியாது. காணாமற்போன, பிடிபட்ட பிள்ளைகளுக்காகத் தெருவில் இறங்கிய 1984இன் அன்னையர் முன்னணியைத் தனி ஆளாக அன்றி ஒரு கூட்டமாக ஒரு பலகையில் காட்டலாம். பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ரஜனி திராணகம, 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கவிஞர் சிவரமணி 1991 மே மாதத்தில் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். கவிஞரும் நாடகக்காரருமான செல்வி 1991 ஆகஸ்டில் விடுதலைப்புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். தடுப்பில் இருந்தபோதே 1992இல் எழுத்தாளர்களின் உலக அமைப்பான பென்னின் விருது அறிவிக்கப்பட்டது. அவர் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாண மாநகரத்தின் முதற்பெண் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் 1998 ஜனவரியில் தெரிவானார். மே 17இல் கொலையுண்டார். சட்டத்தரணி மகேஸ்வரி வேலாயுதம் 2008 மே 13 அன்று நெல்லியடிப் பக்கம் கொல்லப்பட்டார்.

இந்தப் பலகைகளில்தான் குழு உடையும். எழுதத் தொடங்குமுன் ஒரு விதியை முடிவு செய்து கூட்டக் குறிப்பில் பதியுங்கள்: வாழ்ந்ததற்கு நூறு சொல், இறந்ததற்கு இருபது சொல்; திகதி, இடம், என்ன நடந்தது; அடைமொழி இல்லை. யார் செய்தது என்பது பதிவான விடயமாக இருந்தால் எழுதுங்கள். ‘மறைந்தார்’, ‘காலமானார்’ என்று மழுப்பாதீர்கள். ஒருவருக்கு மட்டும் எழுதி இன்னொருவருக்கு விட்டால் காட்சி ஒரு கட்சியின் மேடையாகிவிடும். குடும்பத்தாரிடம் இறுதி எழுத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது இவர்களுக்குக் கட்டாயம். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இத்தனை பெயரையும் எழுதிவிட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும்: பெரும்பாலும் படித்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள், வசதியான குடும்பங்கள். பட்டியல் சாதியையும் பணத்தையும் தானாகவே பின்பற்றும்; தடுக்கவேண்டுமானால் எண்ணிக்கை வைத்துத்தான் தடுக்கவேண்டும். பன்னிரண்டில் நான்கு இடத்தை எழுத்தில் இல்லாத பெண்களுக்கு முதலிலேயே ஒதுக்குங்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கொப்பூழ்க்கொடி அறுத்த மருத்துவிச்சி, பனையோலைப் பெட்டியும் கடகமும் இழைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர், கரையோரத்தில் மீன் விற்றுச் சீட்டுப் பிடித்தவர், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள். இவர்களுக்கு உறுதியும் இராது, கல்வெட்டும் இராது. அவர்களை அறிந்த மூவரை வெவ்வேறு நாளில், வெவ்வேறு வீட்டில், தனித்தனியாகக் கேளுங்கள். மூவரையும் ஒரே விறாந்தையில் இருத்தினால் மூத்தவர் சொல்வதற்கு மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். “எப்ப பிறந்தவ?” என்று கேட்டால் விடை வராது. “வெள்ளம் வந்த வருசம் அவவுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?”, “இடம்பெயர்வுக்கு முந்தியோ பிந்தியோ?” என்று கேட்டால் வரும். 1964 டிசம்பர்ப் புயல், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு போன்றவை நல்ல அளவுகோல்கள்.

சேர்க்கும் விதி: இறந்து ஐந்து வருடமாவது ஆனவர்கள் மட்டும். இல்லாவிட்டால் தற்போதைய அதிபரின் தாயார் பட்டியலில் வந்துவிடுவார். ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு தனித்தனி ஆதாரம். ‘முதல்’ என்ற சொல்லுக்கு மூன்று. உடுவில் ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பாடசாலை என்று பரவலாக எழுதுகிறார்கள். உங்கள் பலகையில் ‘ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்று’ என்றிருந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

படங்கள். பழைய ஸ்ரூடியோப் படம் பெரும்பாலும் 2 அங்குலத்துக்கு 3 அங்குலம் இருக்கும். பலகையில் 8க்கு 12 அங்குலமாக, அங்குலத்துக்கு 300 புள்ளிகளோடு அச்சிட 2400க்கு 3600 புள்ளி தேவை. ஆகவே 1200 டிபிஐயில் வருடவேண்டும்; கடைக்காரர் வழக்கமாக வைக்கும் 300இல் வருடினால் முகம் சதுரம் சதுரமாகத் தெரியும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் படத்தை வாட்ஸப்பில் படமாக அல்ல, கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டும் தாள் ஆல்பத்தில் இருப்பதைப் பிய்த்தெடுக்கவே வேண்டாம், பின்பக்கம் அட்டையோடு போய்விடும். நிழலான விறாந்தையில், பிளாஷ் இல்லாமல், மேலிருந்து நேராகக் கமராவில் எடுங்கள். படமே இல்லாத பெண்ணுக்கு யாரையாவது வரையவைத்து ஒட்டாதீர்கள். அவர் கைபட்ட பொருளின் படம் போதும்: பாக்குவெட்டி, தையல் இயந்திரம், இழைத்த பெட்டி.

பலகை 2 அடிக்கு 3 அடி, எழுத்து 120 சொல், தலைப்பல்லாத எழுத்தின் அளவு 28 பொயின்ற், வரி இடைவெளி ஒன்றரை. தமிழில் மேலே விசிறியும் கீழே காலும் வருவதால் இடைவெளியைக் குறைத்தால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். பலகையின் நடு நிலத்திலிருந்து ஐந்தடிக்கு மேலே போகக்கூடாது; பள்ளிப் பிள்ளைகள் வருவதாயின் நாலடி. இடைவெளியோடு ஒரு பலகைக்கு மூன்றடிச் சுவர் வேண்டும், பன்னிரண்டுக்கு 36 அடி. யன்னலையும் கதவையும் கழித்துவிட்டு அளவுங்கள்.

அச்சகத்தில் நடப்பது: நீங்கள் யூனிகோடில் கொடுப்பீர்கள், அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது ‘ஸ்ரீ’ உடையும், கிரந்த எழுத்துகள் சிலவேளை காணாமற்போகும், கொம்பும் காலும் எழுத்தின் தவறான பக்கத்தில் நிற்கும். ‘கௌரவம்’ என்ற சொல்லையே பாருங்கள்: ஔகாரக் குறியின் பின்பாதி ‘ள’ போலவே இருப்பதால் பலர் க, கொம்பு, ள என்று மூன்றாக அடித்துவிடுகிறார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. ஆனால் நூலை மின்னூலாக ஏற்றினால் கௌரி, சௌந்தரம் என்ற பெயர்களைத் தேடி எடுக்கமுடியாது. மாற்றிய பின் அச்சடித்த தாளை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்த்துச் சரிபார்க்கவேண்டும். எழுதியவர் தானே சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது.

வெளியில் நிரந்தரமாக ஏதும் வைப்பதானால் பிளெக்ஸ் வேண்டாம், எங்கள் வெயிலுக்கு ஒரு வருடத்துக்குள் வெளிறிவிடும். பித்தளைத் தகடு கடற்காற்றில் பச்சை பிடிக்கும். பிடிக்குமுன்பே பழைய இரும்புக்காரரிடம் போய்விடவும் கூடும். கருங்கல்லில் ஒரு அங்குலத்துக்குக் குறையாத எழுத்து வெட்டுங்கள். அதைவிடச் சிறிதானால் ‘ண’, ‘ணை’ சுழிகள் பெயின்ற் நிரம்பி மூடிக்கொள்ளும், புள்ளி தெறிக்கும். வீதிக்குப் பெயர் வைக்க ஆசையானால் வீதி யாருடையது என்று முதலில் பாருங்கள்: ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சி, டி வகை வீதிகள் மாகாணத் திணைக்களத்திடம், உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபையிடம். ஒழுங்கையில் தொடங்குவதுதான் சுலபம்.

பாடசாலையில் அவர் பெயரில் வருடாந்தப் பரிசு வைப்பது கல்லைவிட நீண்டகாலம் பேசும். கணக்கு இப்படி: வருடம் 5,000 ரூபா பரிசுக்கு, வட்டி 8 வீதமானால், 62,500 ரூபா வைப்பு போதும்போலத் தெரியும். போதாது. பத்து வருடத்தில் 5,000 ரூபாவுக்கு ஒரு அகராதிகூட வராது. 125,000 போட்டு, வரி கழித்து வரும் வட்டியில் பாதியைப் பரிசாகக் கொடுத்துப் பாதியை முதலோடு சேருங்கள். வைப்பு அதிபரின் தனிப்பெயரில் இருக்கக்கூடாது.

அன்றைய நிகழ்வில் பேச்சாளர்களைக் குறையுங்கள். பன்னிரண்டு மாணவிகள் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒவ்வொரு பலகையை வாசித்தால் 24 நிமிடம், அது போதும். பிரதம விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடையைக் குடும்பத்தாருக்குப் போர்த்தலாம். எல்லாப் படத்துக்கும் மாலையும் குங்குமமும் வைக்கும் பழக்கத்தை மட்டும் முன்கூட்டியே நிறுத்துங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் குங்குமம் ஒவ்வாது. முஸ்லிம் குடும்பம் படமே வேண்டாம் என்றும் சொல்லலாம். பெயரைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.

வாங்கிய படங்களையும் பத்திரங்களையும் இரண்டு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். வாங்கும்போதே இலக்கமிட்ட துண்டு இரண்டு எழுதி, ஒன்றைக் குடும்பத்திடமும் மற்றதைப் படத்தோடும் வைத்திருந்தால் மாறாது. கோப்புகளின் ஒரு பிரதி சனசமூக நிலையத்தில், ஒன்று நூலகம் நிறுவனத்துக்கு, ஒன்று குடும்பத்துக்கு. படத்தின் பின்புறம் பேனையால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள்: அவவின் சொந்தப் பெயர், தாய் பெயர், தகப்பன் பெயர், ஊர். கணவன் பெயர் அடுத்த வரியில்.